வளவுக்காரர்கள்

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஒரு நீள நோட்டு அகப்பட்டது. கடையில் வாங்கிய நோட்டில்லை. அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தாள்களை அடுக்கித் தைத்து, முதுகில் காலிகோ ஒட்டி, பாரம் வைத்து அழுத்திச் செய்தது. பைண்டிங் பசைக்கு மைதாவோடு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், பூச்சி அண்டக்கூடாது என்று. அந்தப் பசையின் புளித்த வாசம் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அட்டையில் இருந்தது. மூக்கில் ஏறியதும் பாளையங்கோட்டை அச்சகத்தின் பின்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது. சுவரை ஒட்டி இரண்டு கம்ப்யூட்டர் மேசைகள், தலைக்கு மேலே கடகடத்துச் சுற்றும் மின்விசிறி, வாசலில் ரிம் ரிம்மாகத் தாள் கட்டுகள்.

முதல் பக்கத்தில் அச்சகத்துக்கார அண்ணாச்சியின் கையெழுத்தில் ‘வளவு’ என்று எழுதியிருந்தது. அதற்கடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாக இணையதளங்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர் பதிந்த தேதி, அது முடியும் தேதி, எந்த ஃபோல்டர், பணம் கட்டியது யார், பாக்கி எவ்வளவு. பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதியிருக்கிறோம். நோட்டு இருந்த இரும்பு மேசையின் சாவி எப்போதும் அண்ணாச்சியின் இடுப்பில் இருக்கும். அதைவிடப் பத்திரமான இடம் எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் அங்கே டி.டி.பி. வேலைக்குப் போனவன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில் அடித்துப் பக்கம் கட்டுவேன். சிற்றிதழ் ஒன்றும் அங்கேதான் அச்சானது. அதன் ஆசிரியரை ஊரில் எல்லோரும் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். கடவுள் மறுப்பாளர், நாத்திகக் கூட்டங்களில் முன்வரிசைப் பேச்சாளர். ஒற்றுப்பிழை ஒன்றைக் கண்டால் அச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்வார். ஐந்நூறு பிரதி அடிப்போம். அதில் பாதி தபாலில் போகும், மீதி அவர் ஜோல்னாப் பையில் போகும்.

தோழரின் மருமகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர் சொல்லித்தான் இதழை இணையத்தில் போடும் எண்ணம் வந்தது. முதலில் போட்டது ஜியோசிட்டீஸில். 15 எம்.பி. இடம் இலவசம். அங்கே தளங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். கல்விக்கும் இலக்கியத்துக்கும் உரிய பேட்டைக்கு ஏதென்ஸ் என்று பெயர். அந்தப் பெயரும் அதன் பின்னால் ஓர் எண்ணும் சேர்ந்ததுதான் முகவரி. அதை யாருக்காவது போனில் சொல்லி, அவர் பென்சில் தேடி, எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுவதற்குள் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் எகிறிவிடும். யாஹூ 1999-இல் ஜியோசிட்டீஸை வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. தமிழில் முதன்முதலாக இணையப் பக்கம் செய்து பார்த்தவர்களில் பலருடைய பக்கங்கள் அதோடு போயின. அவற்றில் ஒரு பகுதியை ஆவணக் காப்பாளர்கள் அவசர அவசரமாக எடுத்து வைத்தார்கள். அந்த நல்ல மனிதர்களுக்கு என் வணக்கம்.

நாங்கள் அதற்கு வெகு முன்னாலேயே வெளியே வந்துவிட்டோம். தோழருக்குத் தன் இதழின் பெயரிலேயே முகவரி வேண்டும். பெயர் பதிவுக்கு ஒரு தொகை, பக்கங்களை வைக்கிற இடத்துக்கு வேறொரு தொகை. டாலரில் கட்டுவதற்குக் கடன் அட்டை வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வட்டத்தில் அப்போது யாரிடமும் அது கிடையாது. சென்னையில் டி.டி. வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிற ஒருவரைக் கண்டுபிடித்தோம். அண்ணாச்சி வங்கிக்குப் போய் வரிசையில் நின்று டி.டி. எடுத்து, உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார். யூசர்நேம், பாஸ்வேர்டு வந்த நாளில் எல்லோருக்கும் முன்கடையிலிருந்து டீ வந்தது.

உள்ளே நுழைந்து பார்த்ததும் எங்களுக்குக் கிடைத்திருந்த இடத்தின் அளவு பிடிபட்டது. இதழ்கள் அத்தனையையும் ஏற்றினாலும் கால்வாசி நிரம்பாது. அந்தத் திட்டத்தில் வேறு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“இன்னொரு பேரச் சேத்தா அதுக்குத் தனியா ஹோஸ்டிங் ரூவா கட்டணுமா தம்பி?”

“பேருக்கு மட்டும் கட்டணும் அண்ணாச்சி. எடம் இதேதான்.”

“அப்பம் தோழர் எடத்துல வேற ஆளுக்கு எடம் குடுக்கலாம்னு சொல்லுத.”

“குடுக்கலாம். வெளியே இருந்து பாக்கவங்களுக்கு அது தனித் தளமாத்தான் தெரியும்.”

“வளவு மாதிரின்னு சொல்லு.”

எங்கள் பக்கத்தில் ஒரே தலைவாசலுக்குள் நாலைந்து குடித்தனங்கள் இருக்கிற இடத்தை வளவு என்போம். கிணறும் முற்றமும் பொது. அண்ணாச்சி அப்படி ஒரு வளவில் பிறந்து வளர்ந்தவர். அன்றைக்கே ஒரு நோட்டைத் தைக்கச் சொல்லி முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினார். அதிலிருந்து நாங்கள் யாரும் ஹோஸ்டிங் கணக்கு என்று சொன்னதே இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் வியப்பு கூடியது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அது முதலில் ஓர் ஐ.பி. எண்ணாக மாறுகிறது. அந்த எண்ணில் இருக்கிற சர்வரின் கதவைத்தான் பிரௌசர் தட்டுகிறது. தொடக்க காலத்தில் பிரௌசர் பக்கத்தின் பாதையை மட்டும்தான் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் தனியாக ஒதுக்கவேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை அதை மாற்றியது. பிரௌசர் தன் வேண்டுகோளில் ‘ஹோஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்து, தான் தேடி வந்த தளத்தின் பெயரைச் சொல்லியாகவேண்டும். சொல்லாத வேண்டுகோளை 400 என்ற பிழை எண்ணோடு சர்வர் திருப்பி அனுப்பவேண்டும். அந்த ஒற்றை வரியை நம்பித்தான் ஒரே எண்ணுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன.

பழைய ஐ.பி. முறையில் மொத்தம் 429 கோடி எண்கள்தான். உலகப் பொதுக் கையிருப்பில் கடைசியாக இருந்த தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பகிர்ந்து கொடுத்து முடித்துவிட்டார்கள். தளத்துக்கு ஓர் எண் என்ற முறை நீடித்திருந்தால் ஐந்நூறு பிரதி அடிக்கிற ஒரு சிற்றிதழுக்கு யார் எண் ஒதுக்கியிருப்பார்கள்? பெரிய கம்பெனிகள்தான் இணையத்தில் இருந்திருக்கும். அந்த விதியை எழுதியவர்கள் பாளையங்கோட்டையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்களுக்கு இடம் வந்தது அவர்களால்தான்.

வளவுக்கு இரண்டாவதாக வந்தது அச்சகத்தின் தளம். மூன்றாவதாக வந்தவர்தான் வாத்தியார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இளவயதில் பாளையங்கோட்டையில் நா. வானமாமலையின் நெல்லை ஆய்வுக்குழுக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவர். அங்கிருந்து அவருக்கு வில்லுப்பாட்டுப் பித்து பிடித்தது. அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்று எந்த ஊரில் வில்லடித்தாலும் சைக்கிளில் டேப்ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உடுக்கைச் சத்தமும் குடத்தின் சத்தமும் பாட்டை விழுங்காதபடி எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் அதே புலவர் வீட்டுக்குப் போய், சரியாகக் கேட்காத வரிகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்நூல்களாக்கி இலவசமாகக் கொடுத்துவந்தது. அதை நான் திரையில் காட்டியபோது வாத்தியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம வில்லுப்பாட்டையும் இப்படி வைக்க முடியுமாப்பா?” என்று கேட்டார்.

கோயில் நான்காவது. அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர், தாமிரபரணிக் கரையில் பழைய கோயில். கும்பாபிஷேகத்துக்கு வெளியூர்க்காரர்களிடம் நன்கொடை திரட்டத் தளம் வேண்டும் என்று தர்மகர்த்தா அண்ணாச்சியிடம் வந்தார். அப்புறம் ஒரு சித்த வைத்தியர் மூலிகைகளைப் பற்றித் தான் எழுதிவைத்த குறிப்புகளோடு வந்தார். கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள். கோயிலைச் சேர்க்கும்போது அண்ணாச்சி தோழரிடம் ஒரு வார்த்தை கேட்டார். “தாராளமா இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்குச் சாமியோடதான் சண்டை, ஊர்க்காரங்களோட இல்ல” என்று தோழர் ப்ரூஃபிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கிற சி-பேனல் முறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பதிந்த பெயர்தான் கணக்கின் தலைப்பெயர். பிறகு சேர்க்கிற ஒவ்வொரு பெயருக்கும் தலைப்பெயரின் கீழ் ஒரு கிளை முகவரியும் தானாக உண்டாகும். கோயிலின் பக்கங்களை அதன் சொந்தப் பெயரிலும் பார்க்கலாம். தோழரின் இதழ்ப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அதற்கு முன்னால் கோயில் பெயரும் போட்டாலும் அதே பக்கங்கள் வரும். யாரும் அப்படித் தட்டப்போவதில்லை என்றுதான் எல்லோரும் இருந்துவிடுவார்கள். ஆனால் தேடுபொறி எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

மலேசியாவில் இருந்த ஒரு பக்தர் கோயிலைத் தேடியபோது அவருக்குக் கிடைத்தது அந்தக் கிளை முகவரி. கோயிலின் பெயரைத் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே பகுத்தறிவு இதழின் பெயர். மனிதர் பதறிப்போய் தர்மகர்த்தாவைக் கூப்பிட்டிருக்கிறார். கோயிலை நாத்திகர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டாராம். அடுத்த நாள் காலையில் தர்மகர்த்தா விபூதிப் பட்டையும் கையில் அந்த முகவரியை எழுதிய துண்டுச் சீட்டுமாக அச்சகத்துப் படியேறினார். உள்ளே தோழர் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தர்மகர்த்தா கோபமாகத்தான் ஆரம்பித்தார். தோழர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“உக்காருங்கய்யா. உங்க வருத்தம் நியாயம். என் பத்திரிகையோட பேரு கோயிலுக்கு முன்னால நிக்கக்கூடாது. அதே மாதிரி கோயிலோட பேரும் என் பத்திரிகைமேல நிக்கக்கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்தான். தம்பி, இதச் சரி பண்ண முடியுமா?”

முடியும். அந்த ஃபோல்டரில் இருக்கும் ‘.எச்.டி.அக்சஸ்’ கோப்பில் மூன்று வரி எழுதினால் போதும். கிளை முகவரிக்கு யார் வந்தாலும் 301 என்ற எண்ணோடு கோயிலின் சொந்த முகவரிக்கு அனுப்பிவிடும். இனி நிரந்தரமாக இங்கேதான் என்று தேடுபொறிக்கும் அது சொல்லிவிடும். அவர்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்க, எழுதி ஏற்றினேன். மறுபடியும் தட்டிப் பார்த்தேன். இதழின் பெயர் மறைந்து கோயிலின் பெயர் மட்டும் முகவரிப் பட்டையில் நின்றது. தர்மகர்த்தா கையைக் கூப்பினார், என்னைப் பார்த்தா திரையைப் பார்த்தா என்று தெரியவில்லை. அந்த வருடக் கும்பாபிஷேகப் பிரசாதம் தோழர் வீட்டுக்கும் போனது. அவர் வீட்டம்மா வாங்கிக்கொண்டார்கள்.

இரவில்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். பிராட்பேண்ட் வந்தபிறகு பி.எஸ்.என்.எல். திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை பயன்படுத்துவதற்குக் கணக்குக் கிடையாது. வாத்தியாரின் கேசட்டுகளை எம்.பி.3-ஆக மாற்றி வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன். ஃபைல்ஸில்லாவில் கோப்புகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இழுத்துவிட்டால் பச்சைக் கோடு நகர ஆரம்பிக்கும். வாத்தியார் சில நாள் கூடவே உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டு ஏறி முடிவதற்குள் அந்தப் புலவரின் ஊர், அவருடைய குரு, அந்தக் கொடையில் பெய்த மழை எல்லாம் சொல்லி முடிப்பார். நான்கு மணிக்குப் பேருந்து நிலையம் பக்கம் போனால் சுக்குக்காப்பி கிடைக்கும். இப்போது என் மகன் முழுநீளப் படத்தை ரயில் நிலையத்தில் நின்றபடியே இறக்கிக்கொள்கிறான். அவனுக்கு இந்த 2 மணிக் கதையைச் சொன்னால் நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

தமிழ் எழுத்துக்காகப் பட்ட பாடு தனி. பேஜ்மேக்கரில் அடித்ததெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துருக்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு அதை ஒழுங்குபடுத்தத் தாம், தாப் என்று தரங்களை வகுத்தது. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி புழங்கியது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தபிறகுதான் யூனிகோடு எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. தோழரின் பழைய இதழ்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றும்போது ஒவ்வொரு பக்கத்திலும் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். அவற்றை உட்கார்ந்து திருத்தியவர் தோழரேதான்.

அதைவிடப் பெரிய சங்கடம் வாத்தியாரின் தளத்துக்கு வந்தது. பாட்டுகளை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்திருந்தோம். அந்த மென்பொருள் பிறந்தது ஸ்வீடனில். எழுத்துமுறை எதையும் தனியாகச் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்து என்றும் ஸ்வீடிஷ் அகரவரிசை என்றும் தானாகவே வைத்துக்கொள்ளும். அந்த வழக்கம் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் மாறியது. எங்கள் சுடலைமாடனும் முத்துப்பட்டனும் அந்த வழக்கப்படி ஸ்வீடிஷ் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சர்வரும் தளமும் அதே தவறான பெயரில் பேசிக்கொண்ட வரை தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. கணக்கை வேறு சர்வருக்கு மாற்றிய அன்று பாட்டெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. ஓர் எழுத்துக்கு ஒன்றாக, பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள்.

கேள்விக்குறியாக மாறிய எழுத்தை மீட்க முடியாது. தலையில் வட்டமும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் உள்ளே தமிழ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பழைய சர்வரை அணைக்க இன்னும் சில நாள் இருந்தது. அங்கே போய்ப் பாட்டு இருந்த அட்டவணைகளை முதலில் எந்த மொழியும் சொல்லாத வெறும் பைட்டுகளாக மாற்றி, அதன்பிறகு யூடிஎஃப்-8 என்று பெயர் சூட்டி எடுத்தேன். முதல் வரி தமிழில் வந்தபோது வாத்தியாரைப் போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அடுத்த வரியை அவர் பாடினார்.

வளவின் பெரிய கெட்ட காலம் அதற்குப் பின்னால் வந்தது. பழைய மாணவர்களின் தளத்தைத் தொடங்கிவைத்த பையன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். அதில் படங்களைச் சுருக்கிக் காட்டுவதற்கு யாரோ எழுதிய ஒரு சிறு நிரல் இருந்தது. அதில் இருந்த ஓட்டை உலகமெங்கும் தெரிந்தபிறகும் அந்தத் தளம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. எவனோ அந்த வழியாக உள்ளே வந்தான். வந்தவன் அங்கே நிற்கவில்லை. ஒரே கணக்கு என்றால் சர்வரைப் பொறுத்தவரை ஒரே ஆள். ஒரு தளத்தின் நிரலுக்கு எழுத அனுமதி இருந்தால் பக்கத்து ஃபோல்டரிலும் எழுதலாம். ஆறு தளங்களின் முகப்புக் கோப்பிலும் ஒரே மாதிரியான, படிக்க முடியாத ஒரு நீண்ட வரியைச் சேர்த்துவிட்டான். மனிதர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேடுபொறி வந்து பார்க்கும்போது மட்டும் வெளிநாட்டு மாத்திரை விளம்பரங்கள் தெரியும்.

முதலில் கவனித்தவர் சித்த வைத்தியர். தேடலில் தன் தளத்தின் பெயருக்குக் கீழே அந்த மாத்திரைகளின் பெயர்களைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். “லேகியத்துக்குக்கூட நான் விளம்பரம் போட்டதில்ல தம்பி” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தளத்தை ஒரு விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு அந்த வருத்தம் புரியாது. அவர் நாற்பது வருடம் காப்பாற்றிய நல்ல பெயர் அது. இடம் கொடுத்தவர்கள் அன்று மாலையே கணக்கை முடக்கிவிட்டார்கள். வளவு முழுக்க இருட்டு. கோயிலில் தைப்பூசத்துக்கு ஆள் கேட்டு வந்த அறிவிப்பும் போச்சு, தோழரின் புதிய இதழும் போச்சு.

அண்ணாச்சி மாதாமாதம் சி.டி.யில் நகல் எடுக்கச் சொல்லி, சி.டி.யின் மேல் தேதி எழுதி, அதே இரும்பு மேசையில் வைத்திருந்தார். அச்சகத்துக்காரருக்கு நெகட்டிவைப் பத்திரப்படுத்துகிற பழக்கம். அந்த சி.டி.களிலிருந்து ஒவ்வொரு தளமாகத் திரும்பக் கட்டினோம். இந்த முறை ஒரே கணக்கில் வைக்கவில்லை. ரீசெல்லர் திட்டம் என்று ஒன்று எடுத்து, அதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்கு, தனி யூசர், தனி பாஸ்வேர்டு. ஒரு வீட்டில் திருடன் புகுந்தாலும் அடுத்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். செலவு கூடியது. கூடிய பங்கை அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை என்பதை நோட்டைப் பார்த்துத்தான் இப்போது தெரிந்துகொண்டேன். ‘பாக்கி’ என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறார்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிற சின்னப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஒரு கணக்கில் பத்துத் தளம் வைக்கலாம், எல்லாம் உன்னுடையதாக இருந்தால். அடுத்தவருடைய பெயரும் மானமும் அதில் இருந்தால் சுவர் எழுப்பிவிடு. ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தால் அடியில் சிறிய எழுத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டிருப்பார்கள், அதைப் படி. பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பார்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் சும்மா சொல்வதில்லை. பூட்டுக் குறியும் எச்.டி.டி.பி.எஸ். முகவரியும் வேண்டும் என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்த காலம். முன்பெல்லாம் அதற்கான சான்றிதழுக்குத் தளத்துக்குத் தனி ஐ.பி. எண்ணும் தேவைப்படும், வருடக் கட்டணமும் உண்டு. பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுகிற எஸ்.என்.ஐ. முறை பரவியதாலும், 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்ததாலும் எங்களைப் போன்றவர்கள் பிழைத்தோம். 2018 ஜூலையில் குரோம் பூட்டில்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டத் தொடங்கியபோது வளவில் ஒரு தளம் தவிர எல்லாவற்றுக்கும் பூட்டு இருந்தது. அந்த ஒன்று வைத்தியருடையது. அவர் முந்தைய வருடம் தவறிவிட்டார்.

பெயர் அவர் பேரில் இருந்தது. நினைவூட்டல் கடிதங்கள் அவருடைய மின்னஞ்சலுக்குப் போயின. அதைத் திறக்க வீட்டில் யாருக்கும் தெரியாது. காலாவதியான பெயர் உடனே போய்விடாது. முதலில் கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் 30 நாள், அபராதத்தோடு மீட்டுக்கொள்ளலாம். அதுவும் போனால் ஐந்து நாள் யாரும் தொட முடியாமல் கிடக்கும். பிறகு முந்தியவருக்குச் சொந்தம். பிள்ளைகளுக்கு நான் விளக்கி, அவர்கள் கலந்து பேசி முடிவெடுப்பதற்குள் அந்த ஐந்து நாளும் போய்விட்டது. இன்று அந்தப் பெயரைத் தட்டினால் சீட்டாட்டத் தளம் ஒன்று வருகிறது. குறிப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பெயர் போனது போனதுதான். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

வாத்தியார் போன பிறகு அதே நிலை வரவிடக்கூடாது என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். வாத்தியாரின் செல்போன் எண்ணை வீட்டார் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஓ.டி.பி. வராது. பெயர் பதிந்த கம்பெனி இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டது. ஒரு வில்லுப்பாட்டுத் தளத்துக்காகத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர், “எந்தச் சொத்துக்கு?” என்று கேட்டார். அண்ணாச்சி வில்லுப்பாட்டு என்றார். அவர் பேனாவை வைத்துவிட்டு, தன் ஊர்க் கொடையில் சின்ன வயதில் கேட்ட முத்துப்பட்டன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கையெழுத்துக் கிடைக்கக் கொஞ்சம் நேரமானது, ஆனால் கிடைத்தது.

அச்சகம் இப்போது இல்லை. அண்ணாச்சி மகள் வீட்டில் இருக்கிறார், காது கேட்பது குறைந்துவிட்டது. கோயில் தன் தளத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. நன்கொடையெல்லாம் க்யூ.ஆர். கோடில் வருகிறது. தோழரின் இதழ் நின்றுவிட்டாலும் பழைய இதழ்கள் அத்தனையும் இருக்கின்றன. சிங்கப்பூர் மருமகன் பத்து வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டார்.

வில்லுப்பாட்டுத் தளம் வாத்தியாரின் பேத்தி பெயருக்கு மாறியிருக்கிறது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது தரவுத்தளத்தை அடியோடு எடுத்துவிட்டு எல்லாப் பாட்டையும் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக ஆக்கியிருந்தாள். உடைவதற்கும் கெடுவதற்கும் அதில் ஒன்றுமில்லை, எந்தச் சர்வரிலும் வைத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலை செய்யும்போது ஒவ்வொரு பாட்டையும் ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். ஓர் அம்மன் கதையில் எழுத்தில் இருப்பதைவிட ஒலியில் பாட்டு நீளமாக இருக்கிறதாம். கடைசிப் பகுதியில் உடுக்கையும் கூட்டத்தின் குலவையும் சேர்ந்துகொண்டு வரிகள் பிடிபடவில்லை.

“மாமா, தாத்தா இதை எழுதாம விட்டிருப்பாங்களா?” என்றாள்.

விட்டிருக்க மாட்டார் என்றேன். அந்தக் கொடைக்கு அவரோடு போனவள் அவருடைய மூத்த மகள். அந்த வயதில் பாட்டை ஒருதரம் கேட்டால் திருப்பிச் சொல்லும் பிள்ளை அவள் என்று வாத்தியார் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது தென்காசியில் இருக்கிறாள். பேத்தி இந்த வாரம் அத்தை வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவதாகவும், வரிகள் கிடைத்தால் அன்றைக்கே ஏற்றிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறாள். புலவரின் பெயரையும் ஊரையும் பாட்டின் தலையில் சேர்க்கச் சொல்லி நான் நேற்று அவளுக்கு எழுதி அனுப்பினேன்.